மளிகைச் சிட்டை

மாதம் பிறந்ததும் வீடுதோறும் ஒரு சிட்டை எழுதப்படுகிறது. புழுங்கலரிசி, பச்சரிசி, துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, நல்லெண்ணெய், புளி, மிளகாய் வற்றல், கடுகு, சீரகம், வெந்தயம் என்று தொடங்கிச் சலவைச் சோப்பிலும் தீப்பெட்டியிலும் முடிகிற அந்தத் தாளை நாம் பெரிதாக மதிப்பதில்லை. கடைக்காரர் சரக்கைக் கட்டி முடித்ததும் அதைக் கம்பியில் குத்திவிடுகிறார். அல்லது கசக்கி எறிந்துவிடுகிறார். இப்போது பல வீடுகளில் தாளும் இல்லை. கைப்பேசியில் எழுதிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆயினும் ஒரு குடும்பம் எதை உண்கிறது, எதற்கு முதலிடம் தருகிறது, கை இறுகும்போது எதை விட்டுக்கொடுக்கிறது என்பவற்றை அறிய, அந்தச் சிட்டையைவிட நம்பத்தகுந்த ஆவணம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சிட்டைக்கென்று ஒரு தொகையை ஒதுக்குகிறோம். ஐயாயிரம் என்கிறோம்; எட்டாயிரம் என்கிறோம். இருபதாம் தேதிக்குள் அது தீர்ந்துபோகிறது. 'இந்த மாதம் எப்படியோ கைமீறிவிட்டது' என்று சொல்லிக்கொள்கிறோம். அடுத்த மாதமும் அதையே சொல்கிறோம். சம்பளம் உயர்ந்தால் ஒதுக்கும் தொகையும் உயர்கிறது. கைமீறுவது மட்டும் நிற்பதில்லை. இது ஏன் நிகழ்கிறது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம். மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். விடுதியிலோ வாடகை அறையிலோ சொந்தக் குடும்பத்திலோ இந்தக் கணக்கு விரைவில் உங்கள் கைக்கு வரத்தான் போகிறது. அன்றியும், பெரும்பாலான வீடுகளில் இதை ஒருவரே தனியாகச் சுமக்கிறார். உண்பவர் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்வது நியாயமே அன்றோ?

குடும்பங்களின் உணவுச் செலவை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் எர்ன்ஸ்ட் எங்கல் என்பவர். ஜெர்மானிய நிலப்பகுதியாகிய சாக்சனியின் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளைக் கொண்டு 1857இல் அவர் ஒரு முடிவை வெளியிட்டார். வருமானம் குறையக் குறைய, செலவில் உணவு எடுத்துக்கொள்ளும் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பது அம்முடிவு. பங்கு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செல்வர் உணவுக்காக அதிக ரூபாயைச் செலவிடலாம். ஆனால் அது அவருடைய செலவில் ஒரு சிறு கூறு. ஏழைக்கோ உணவே செலவின் பெரும்பகுதி. எனவே மளிகைக் கணக்கு தவறும்போது செல்வர் வீட்டில் சேமிப்புக் குறைகிறது. ஏழை வீட்டில் சோறு குறைகிறது.

நம் நாட்டில் 2023-24இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்ப்போம். குடும்பம் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சிற்றூர்களில் ஏறத்தாழ 47 ரூபாயும், நகரங்களில் ஏறத்தாழ 40 ரூபாயும் உணவுக்குச் சென்றன. இதில் வியப்பில்லை. அந்த 47 ரூபாய் எப்படிப் பிரிந்தது என்பதில்தான் வியப்பு இருக்கிறது. 1999-2000இல் சிற்றூர்க் குடும்பத்தின் நூறு ரூபாயில் ஏறத்தாழ 22 ரூபாய் தானியத்துக்கே சென்றுகொண்டிருந்தது. 2023-24இல் அது ஏறத்தாழ 5 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. நியாய விலைக் கடைகளில் தானியம் மிக மலிவாகவோ விலையின்றியோ கிடைப்பது இதற்கு ஒரு காரணம். அதே கணக்கெடுப்பில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குச் சிற்றூரில் ஏறத்தாழ 10 ரூபாயும் நகரத்தில் 11 ரூபாயும் சென்றிருக்கின்றன. உணவு வகைகளுள் இதுவே மிகப் பெரிய பங்கு. பாலையும் காய்கறியையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் அவ்விரண்டும் இதற்குப் பின்னால்தான் நிற்கின்றன.

இதன் பொருள் என்ன? கணக்கைச் சீர்செய்ய விரும்பும் வீட்டார் முதலில் அரிசி மூட்டையைப் பார்க்கிறார்கள். 'இந்த மாதம் மூட்டைக்கு நூறு ரூபாய் கூடிவிட்டதே' என்று வருந்துகிறார்கள். அரிசி மூட்டை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பழி அதன்மேல் விழுகிறது. மாலையில் வாங்கிய முறுக்குப் பொட்டலமும், விருந்தாளிக்காக ஓடிப்போய் வாங்கிய குளிர்பானமும், பிள்ளைகளின் பிஸ்கட்டும் சிட்டையில் எழுதப்படுவதே இல்லை. எழுதாத செலவுக்கு வரம்பும் கிடையாது. முன்பெல்லாம் சில்லறை இல்லை என்பதற்காகவாவது சில பொருள்களை வாங்காமல் திரும்பினோம். கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் வசதி வந்தபின் அந்தத் தடையும் நீங்கிவிட்டது. இதில் ஒரு நன்மையும் உண்டு. செலுத்திய தொகை ஒவ்வொன்றும் கைப்பேசியில் தேதியோடு பதிவாகியிருக்கிறது. மாதக் கடைசியில் நூறு ரூபாய்க்கு உட்பட்டவற்றை மட்டும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை சிலருக்கு உறக்கத்தைக் கெடுக்கும்.

இனி நான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் முறை' என்று ஒன்று இருப்பதை உங்களுள் பலர் அறிவீர்கள். மாதம் முழுவதும் உணவுக்கு ஆன செலவைக் கூட்டி, மாணவர்கள் உண்ட மொத்த நாள்களால் வகுத்து, அவரவர் உண்ட நாள்களுக்கு ஏற்பப் பணம் வாங்கும் முறை அது. எங்கள் விடுதியில் மாணவர் குழுவே சந்தைக்குச் சென்று சரக்கு வாங்கி வரும். அக்குழுவில் ஓராண்டு நானும் இருந்தேன். சமையற்கூடத்தில் எங்களுக்கு முதலில் காட்டப்பட்டது பணப்பெட்டி அன்று, இருப்புப் பதிவேடு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கட்டங்கள் இருந்தன. மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்பு, இடையில் வாங்கியது, மாத இறுதியில் மீந்தது, செலவானது. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நான்காவது கிடைக்கும். எளிய கணக்குதான்; மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம்.

அந்த எளிய கணக்கு வீடுகளில் போடப்படுவதில்லை. வாங்கியது வேறு, செலவானது வேறு என்ற வேறுபாட்டை வீட்டுக் கணக்கு மறந்துவிடுகிறது. ஐந்து கிலோ உளுந்து வாங்கிய மாதத்தில் 'செலவு கூடிவிட்டது' என்கிறோம். உளுந்து செலவாகவில்லை, தகர டப்பாவில் இருக்கிறது. மறுமாதம் உளுந்து வாங்க வேண்டியதில்லை. ஆகவே பணம் மீந்ததுபோல் தோன்றுகிறது. மீந்ததாக எண்ணி வேறெதையோ வாங்குகிறோம். உண்மையில் இரண்டு மாதத்திலும் அந்த வீடு ஒரே அளவு உளுந்தைத்தான் அரைத்திருக்கிறது. பணம் மட்டும் ஏறியிறங்கி நம்மை ஏமாற்றுகிறது.

பிற்காலத்தில் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தபோது என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுப்பேன். மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும் வீட்டு டப்பாக்களைத் திறந்து, இருப்பதை எழுதிவர வேண்டும். அவ்வளவே. அவர்கள் கொண்டுவந்த தாள்களில் திரும்பத் திரும்ப நான் கண்டது ஒன்று. பிரிக்கப்படாத பெருங்காய டப்பிகள் மூன்று இருக்கும் வீட்டில், மாதம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. நினைவிலிருந்து சிட்டை எழுதினால் இப்படித்தான் ஆகும். சென்ற மாதத்துச் சிட்டையைப் பார்த்து எழுதினாலும் இப்படியே ஆகும். டப்பாவைப் பார்த்து எழுத வேண்டும். பழைய பாட்டிமார் அரிசியைப் படியால் அளந்து, ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று உலையிலிட்டார்கள். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. எத்தனை ஆழாக்கு எடுத்தோம் என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். பானையில் எத்தனை நாளுக்கு மீதி இருக்கிறது என்றும் தெரியும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவுகள் வந்தன. அவை நல்ல அளவுகளே. ஆனால் கிலோக் கணக்கு கடையோடு நின்றுவிட்டது. சமையலறைக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை.

ஆகவே நான் சொல்லவருவது இது. மளிகைத் திட்டத்தை ரூபாயில் தொடங்கக் கூடாது. அளவில் தொடங்க வேண்டும். இத்தனை பேருக்கு இத்தனை நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பது முதற்கேள்வி. அதற்கு எவ்வளவு பணம் என்பது அதன்பின் எழும் கேள்வி. முன்னதற்கு விடை தெரியாமல் பின்னதற்கு விடை எழுதுவதனால்தான் தொகை நிற்பதில்லை.

எவ்வளவு வேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் இந்தியருக்கான உணவு வழிகாட்டி நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி லிட்டர், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று அது கூறுகிறது. மீன், முட்டை, இறைச்சி உண்போர் பருப்பின் ஒரு பகுதிக்கு ஈடாக அவற்றைக் கொள்ளலாம். சராசரியாக இத்தேவை உடைய நால்வர் கொண்ட வீட்டை எடுத்துக்கொண்டு, முப்பது நாளுக்குப் பெருக்கிப் பார்ப்போம். தானியம் 30 கிலோ. பருப்பும் பயறும் சற்றேறக்குறைய 10 கிலோ. பால் 36 லிட்டர். பழம் 12 கிலோ. எண்ணெய் 3 கிலோ 240 கிராம். எண்ணெய் நீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். ஆதலால் இதை மூன்றரை லிட்டர் என்று கொள்ளலாம். உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்பது மருத்துவர் கருத்து. நால்வருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோப் பொட்டலம் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த எண்களை வீட்டுச் சிட்டையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஓர் உண்மை புலப்படும். எண்ணெய் அளவுக்கு மேல் இருக்கும். பருப்பு அளவுக்குக் கீழ் இருக்கும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். முதல் தேதி இருந்த எண்ணெய் ஒன்றரை லிட்டர். இடையில் வாங்கியது நான்கு லிட்டர். கடைசியில் மீந்தது அரை லிட்டர். செலவானது ஐந்து லிட்டர். தேவைக்கு மேல் ஒன்றரை லிட்டர் வாணலியில் போயிருக்கிறது. லிட்டர் 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 240 ரூபாய். துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால், இரண்டு கிலோப் பருப்பின் விலை அது. பணமே கூடாமல் அந்த வீட்டுக் குழந்தைகளின் தட்டில் பருப்புக் கூடியிருக்கலாம். ரூபாயில் மட்டும் கணக்கெழுதியிருந்தால் 'எண்ணெய், பருப்பு வகை' என்று ஒரே வரியில் போயிருக்கும். இந்த உண்மை வெளிவந்தே இராது.

அளவைத் தீர்மானித்தபின் விலைக்கு வருவோம். இங்கே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். விலையை உயர்த்தினால் வாங்குவோர் முகம் சுளிப்பர் என்று அறிந்த வணிகர் விலையை அப்படியே வைத்துப் பொட்டலத்தைச் சிறிதாக்குவர். ஒரு லிட்டர் உறை இருந்த இடத்தில் 850 மில்லி லிட்டர் உறை வந்து நிற்கும். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். 850 மில்லி லிட்டருக்கு 140 ரூபாய், 1000 மில்லி லிட்டருக்கு 160 ரூபாய் என்றால் எது மலிவு? அவசரத்தில் 140ஐ எடுப்போம். வகுத்துப் பார்த்தால் சிறிய உறையில் லிட்டர் ஏறத்தாழ 165 ரூபாய் ஆகிறது. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளில் 2021இல் செய்த திருத்தம், கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்றது. பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஓர் எண்ணைப் படிக்கப் பழகிக்கொண்டால் வகுத்தல் கணக்கும் வேண்டாம். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. ஷாம்பு போன்றவற்றில் சிறு உறையே பல வேளைகளில் மலிவாக இருக்கும்.

மூட்டையின் எடைக்கும் ஒரு கதை உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு உட்பட்ட அளவில் உறையிட்டு முத்திரையிட்ட அரிசி, பருப்பு முதலியவற்றுக்கு 5 விழுக்காடு சரக்கு, சேவை வரி வந்தது. அதன் பின்னர் நம் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டைகள் தோன்றின. ஒரு கிலோ ஏன் கூடியது என்று பலரும் வியந்தனர். வரியின் எல்லையை மூட்டை தாண்டிவிட்டது என்பதே விடை. மூட்டையின் விலை கூடியிருக்கிறதே என்று பார்ப்பவர் 26ஆல் வகுக்க மறந்துவிட்டால் கணக்குப் பிழைபடும்.

காய்கறியின் பேச்சு வேறு. அதை மளிகைத் தொகையோடு சேர்த்து எழுதுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. பருப்பின் விலை பெரும்பாலும் மாதங்களில் மாறும். காய்கறியின் விலை நாள்களில் மாறும். 2019 டிசம்பரில் வெங்காயமும், 2023 ஜூலையில் தக்காளியும் கிலோ நூறு ரூபாயைக் கடந்தன. தக்காளியைச் சென்னையில் நியாய விலைக் கடைகள் சிலவற்றில் 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டியதாயிற்று. இத்தகைய புயலில் ஒதுக்கிய தொகை நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாற்றை முன்னரே எண்ணி வைத்திருக்க வேண்டும். தக்காளிக்கு மாற்று எது என்று நம் சமையலறை தேட வேண்டியதில்லை. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அவை வருவதற்கு முன்பே புளியும் மிளகும் இங்கே இருந்தன. புளிக் குழம்பும் மிளகு ரசமும் தக்காளி இல்லாமலே நன்றாக அமையும். வெங்காயம் உயர்ந்த வாரத்தில் வெங்காயம் வேண்டாத கூட்டும் மோர்க்குழம்பும் இருக்கின்றன. விலை ஏறியபின் மாற்றுத் தேடுவது சலிப்பைத் தரும். முன்னரே அறிந்திருந்தால் அது சமையலில் ஒரு மாறுதலாகவே அமைந்துவிடும்.

பருப்பும் எண்ணெயும்கூட முற்றிலும் அசையாதவை அல்ல. நாம் உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும், பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருவன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும், அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்ததும் நம் ஊர்க் கடைத்தெருவில் உடனே தெரிந்தன. துவரம்பருப்பு மியன்மாரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வருகிறது. விளைச்சல் குன்றிய 2015இல் அது கிலோ இருநூறு ரூபாயை நெருங்கியது. இவ்வாறான காலங்களில் 'தொகைக்குள் நிற்பேன்' என்று பிடிவாதம் பிடித்துப் பருப்பைப் பாதியாக்குவது அறிவுடைமை ஆகாது. பாசிப்பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை என்று எது மலிவோ அதனால் அளவை நிரப்பிவிட வேண்டும். அளவு நிற்கட்டும், பெயர் மாறட்டும்.

மாதக் கணக்கை உடைக்கும் இன்னொன்று பண்டிகை. தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது நமக்குத் தெரியாததா? ஆனாலும் ஆண்டுதோறும் அது எதிர்பாராத விருந்தாளியைப்போல் வந்து தொகையைக் கரைக்கிறது. இதே வகையில் சேர்ந்தது ஆண்டுச் சரக்கு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புக் கலந்து பானையில் அடைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. மிளகாயும் மல்லியும் கோடையில் வாங்கிக் காயவைக்க ஏற்றவை. வரத்து மிகுந்த காலத்தில் விலை தணிந்திருக்கும். எனினும் அந்த ஒரு மாதத்தில் பெருந்தொகை வேண்டும். ஆண்டுச் சரக்குக்கும் பண்டிகைக்கும் ஆகும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதந்தோறும் அந்தப் பங்கைத் தனியே எடுத்து வைப்பதுதான் வழி. எங்கள் வீட்டில் அதற்கென ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டி இருக்கிறது. வங்கியில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு, புட்டி கண்ணுக்குத் தெரிகிறது என்பதே என் விடை.

இதுவரை நான் சொன்னவை யாவும் முதல் தேதியில் ஒரு மாதத்துப் பணம் கையில் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துவன. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் வாங்கும் வீட்டுக்கு மாதத் திட்டம் என்பதே ஒரு வசதி. அந்த வீட்டுப் பிள்ளை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இருபது ரூபாய்க்கு எண்ணெய் வாங்க வரும். அப்படி வாங்குவதைச் சிக்கனமின்மை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. கையில் இருக்கும் பணத்துக்குள் அன்றைய தேவையை அடக்கும் அத்தாயின் கணக்கு நம்முடையதைவிடக் கடினமானது. தெருமுனைக் கடைக்காரர் எழுதி வைக்கும் பற்று நோட்டும் இவ்விடத்தில் ஒரு காப்பீடுபோல் நிற்கிறது. மழை பெய்து வேலை இல்லாத வாரத்தில் அரிசி கொடுப்பவர் அவரே. பற்றுக்கு வாங்கும்போது விலையைக் கேட்க நா எழாது என்பதும் உண்மைதான்; அந்த மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு.

இத்தகைய குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் சரக்குத் தரும் ஒரே கடை நியாய விலைக் கடையாகவே இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் வழியாக மாதம் ஒரு கிலோத் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைத்து வருகின்றன. மேலே போட்ட கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். நால்வருக்கு மாதம் பத்துக் கிலோப் பருப்பு வேண்டும். கிடைப்பது ஒரு கிலோ. அது உதவிதான், போதுமானது அன்று. எஞ்சிய ஒன்பது கிலோவும் அந்த வீட்டின் திறமையில் இருக்கிறது. அல்லது இல்லாமலே போகிறது.

கணக்குத் தவறும்போது முதலில் குறைவது எது என்று நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அரிசி குறையாது, வயிறு கேட்கும். எண்ணெய் குறையாது; நாக்குக் கேட்கும். கேட்க ஆளில்லாத பொருள்கள்தாம் குறையும். மாதத்தின் முதல் வாரத்தில் கெட்டியாக இருந்த சாம்பார் நான்காம் வாரத்தில் ரசமாகிவிடுகிறது. பால் தேநீருக்கு மட்டும் என்றாகிறது. பழமும் முட்டையும் மறைகின்றன. அந்தக் குறைவும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எல்லோரும் உண்டபின் உண்பவர் தட்டிலே அது பெரிதாக விழுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இந்திய அளவில் 57 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை இருந்ததாகக் கூறுகிறது. இரத்தச்சோகைக்குக் காரணங்கள் பல. மளிகைக் கணக்கு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் கீரையும் பயறும் பழமும் யார் தட்டில் குறைந்தன என்ற கேள்வியை அந்த எண் எழுப்பத்தான் செய்கிறது. தொகைக்குள் நின்றுவிட்டோம் என்று மகிழும் வீட்டில், அந்தத் தொகையை நிறுத்தியவர் தம் பங்கு உணவைக் குறைத்து நிறுத்தினாரா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ரூபாய்க் கணக்கு இதைக் காட்டாது.

இந்தப் பயிற்சியைத் தொடங்க நாள் பார்க்க வேண்டியதில்லை. வருகின்ற மாதக் கடைசி நாளின் மாலையில் வீட்டு டப்பாக்களைத் திறந்து பாருங்கள். தராசு இல்லையென்றால் ஆழாக்கோ தம்ளரோ போதும்; ஒரே அளவுகருவியை எப்போதும் பயன்படுத்தினால் சரி. அரிசி, பருப்பு வகைகள், எண்ணெய், சர்க்கரை, புளி, உப்பு ஆகியவற்றின் இருப்பை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கடுகு, மிளகு, ஏலக்காயை இப்போது விட்டுவிடலாம். மாதத்தில் வாங்கியவற்றையும், கைச்சிட்டையில் சேராத சிறு செலவுகளையும் அடுத்தடுத்த பக்கங்களில் குறித்துவாருங்கள். முதல் மாதத்து எண்ணை நம்ப வேண்டாம். அதில் விருந்தும் விடுமுறையும் கலந்திருக்கும். மூன்று மாதத்து எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பருப்புத் தேவைப்படுகிறது, எவ்வளவு எண்ணெய் வாங்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அதன்பின் நான்காம் மாதத்துச் சிட்டையை நீங்களே எழுதி, அம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொண்டு கடைக்குப் போகலாம்.